மூன்று மடங்கு: ஒரு வை-ஃபை ஆவணப்படமும் அம்மாவின் தலைவலியும்

போன வருஷம் அம்மாவின் போனுக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. 'பள்ளி வகுப்பறையில் இருக்கும் வை-ஃபை, செல்போன் டவரைவிட மூன்று மடங்கு கதிர்வீச்சை வெளியிடுகிறது, லண்டன் டிவியே சொல்லிவிட்டது' என்று ஆரம்பித்து, பத்துப் பேருக்காவது அனுப்புங்கள் என்று முடிந்தது. எங்கள் வீட்டு ரூட்டர் அப்போது ஹாலில், அம்மாவின் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா போனைப் பார்த்தார், ரூட்டரைப் பார்த்தார். "ஏன்டா, இதனாலதான் எனக்குக் காலையில எந்திரிச்சா தலை வலிக்குதோ?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு தப்பு. ஏன் தப்பு என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 'மூன்று மடங்கு'. எந்த ஃபார்வர்டிலும் ஒரு எண் இருந்தால் அது எங்கே பிறந்தது என்று தோண்டிப் பார்ப்பது எனக்கு ஒரு வியாதி. தோண்டினால், ஆச்சரியம், எண் நிஜம்தான். யாரும் சும்மா அடித்துவிட்டது இல்லை. 2007 மே 21 அன்று பி.பி.சி.யின் 'பனோரமா' நிகழ்ச்சியில் வை-ஃபை பற்றி ஓர் எச்சரிக்கைப் படம் ஒளிபரப்பானது. அதில் வந்த எண்தான் இத்தனை வருஷம் கழித்து, கடல் தாண்டி, தமிழாகி அம்மாவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பனோரமா 1953இல் தொடங்கிய நிகழ்ச்சி, சும்மா யூடியூப் பரபரப்பு கிடையாது. அதனால் அந்தப் படத்தைக் கிண்டல் செய்து தள்ளாமல், அதற்குரிய மரியாதையோடு விமர்சிக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு தன்னிலை விளக்கம். நான் டாக்டரும் இல்லை, இயற்பியல் ஆராய்ச்சியாளரும் இல்லை. பி.இ. முடித்துவிட்டு நெட்வொர்க் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு பாக்கெட் எப்போது கிளம்பும், எப்போது கிளம்பாது என்பது மட்டும் தெரியும். இந்தக் கதைக்கு அது கொஞ்சம் உதவும்.

1. படம் சொன்னது என்ன?

எதிர்த்து எழுதுவதற்கு முன்னால், எதிராளியின் வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லிப் பார்க்கிறேன்.

2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் சர் வில்லியம் ஸ்டூவர்ட் தலைமையில் ஒரு நிபுணர் குழு செல்போன்களைப் பற்றி அறிக்கை கொடுத்தது. தீங்கு நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் தெரியாதது நிறைய இருப்பதால் முன்னெச்சரிக்கையாக இருப்போம் என்பது அதன் சாரம். டவரின் முதன்மைக் கற்றை, பள்ளியும் பெற்றோரும் சம்மதிக்காமல் பள்ளி வளாகத்தில் விழக் கூடாது என்றும் அது பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு பிரிட்டன் பள்ளிகளுக்குள் வை-ஃபை வேகமாக நுழைந்தது.

பனோரமா குழு நாரிச் நகரில், ஆயிரம் மாணவர்களுக்கு மேல் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போனது. டவரிலிருந்து சுமார் நூறு மீட்டர் தள்ளி, முதன்மைக் கற்றை விழும் இடத்தில் சிக்னலை அளந்தார்கள். பிறகு வகுப்பறையில், வை-ஃபையில் இயங்கும் லேப்டாப்புக்குப் பக்கத்தில் அளந்தார்கள். வகுப்பறையில் உச்ச அளவு மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. படம் கேட்ட கேள்வி இதுதான்: டவர் கற்றையே பள்ளியில் விழக் கூடாது என்று நிபுணர்கள் சொல்லியிருக்க, அதைவிட மூன்று மடங்கை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது எப்படி? அப்போது பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமையின் தலைவராக இருந்தவரும் அதே ஸ்டூவர்ட்தான். வை-ஃபையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அவரே படத்தில் சொன்னார்.

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

2. மூன்று ரூபாய்க் கடன்

ஒரு ரூபாய் கடன் வாங்கியவனைவிட மூன்று ரூபாய் கடன் வாங்கியவன் மூன்று மடங்கு கடனாளி. கணக்கு சரி. ஆனால் இருவரில் யார் வீட்டு வாசலிலும் கடன்காரன் வந்து நிற்கப்போவதில்லை.

அந்த வகுப்பறை அளவீடே அரசு பாதுகாப்பு வரம்பைவிட சுமார் 600 மடங்கு குறைவாகத்தான் இருந்தது. டவர் ஒரு ரூபாய், லேப்டாப் மூன்று ரூபாய் என்று வைத்தால், வரம்பு 1,800 ரூபாய். இந்த மூன்று எண்களையும் ஒரே வரியில் போட்டுக் காட்டினால் பார்க்கிறவருக்கு ஒரு சித்திரம் கிடைக்கும். முதல் இரண்டை மட்டும் உரக்கச் சொன்னால் வேறு சித்திரம். 'மூன்று மடங்கு' ஃபார்வர்டில் ஏறி வந்தது. '600 மடங்கு குறைவு' ஏறவில்லை.

டவரை ஏன் அளவுகோலாக வைத்தார்கள்? ஏனென்றால் டவர் மேல் ஜனங்களுக்கு ஏற்கெனவே பயம் இருந்தது. அந்தப் பயத்தை ஒரு அலகாக்கி, அதில் வை-ஃபையை அளந்தார்கள். ஸ்டூவர்ட் அறிக்கை டவர் கற்றையைப் பற்றிச் சொன்னது ஒரு முன்னெச்சரிக்கை. அதற்கு மேல் போனால் ஆபத்து என்று கோடு போட்டது கிடையாது. படம் அதை ஒரு கோடு மாதிரி நடத்திவிட்டது.

காதில் வைத்துப் பேசும் போனோடு ஒப்பிட்டிருக்கலாமே? அந்த ஒப்பீடு சுகாதாரப் பாதுகாப்பு முகமையிடம் தயாராக இருந்தது. வை-ஃபை இருக்கும் இடத்தில் ஒருவர் ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்தால் அவர் வாங்கும் ரேடியோ அலை, செல்போனில் 20 நிமிஷம் பேசுவதற்குச் சமம் என்று அவர்கள் சொன்னார்கள். பிள்ளையின் லேப்டாப்பைப் பார்த்துப் பயந்து, அதைப் பற்றி அக்காவிடம் அரை மணி நேரம் போனில் பேசுகிற அம்மாவுக்கு இந்த ஒப்பீடு எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 'டவரை நூறு மீட்டரில் அளந்துவிட்டு லேப்டாப்பைப் பக்கத்தில் அளக்கலாமா?' என்று படத்தை விமர்சித்தவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் பாதிதான் நியாயம். பிள்ளை உட்காருவது லேப்டாப் முன்னால்தான், டவர் உச்சியில் இல்லை. ஆக, உடம்பில் படும் அளவைக் கேட்டால் அங்கே அளப்பது சரி. ஆனால் ஃபார்வர்டு சொல்வதுபோல 'வை-ஃபை டவரைவிட மூன்று மடங்கு வெளியிடுகிறது' என்பது முழுத் தப்பு. காதுக்குப் பக்கத்தில் ரீங்காரமிடும் கொசு, நாலு தெரு தள்ளிக் கேட்கும் கோயில் குழாய் ஸ்பீக்கரைவிடச் சத்தமாகத் தெரியலாம். அதற்காகக் கொசுவுக்கு ஸ்பீக்கரைவிட வலு அதிகம் என்று யாரும் சொல்வதில்லை.

3. நாற்பது நிமிஷத்தில் இரண்டு விநாடி

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். படம் காட்டியது உச்ச அளவு, அதாவது சிக்னல் கிளம்பும் அந்தக் கணத்து உயரம். டவர் ஏறக்குறைய இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். வை-ஃபை லேப்டாப் அப்படி இல்லை. சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் ஒரு பாக்கெட்டை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் ஒரு வீடியோ பார்க்கும்போது பேசிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ரூட்டர். லேப்டாப் 'ம்', 'ம்' என்று உம் கொட்டுகிறது, அவ்வளவுதான். அந்த உம் மைக்ரோ விநாடிக் கணக்கில் முடிந்துவிடும்.

படம் வந்த பிறகு, 2007 அக்டோபரில், சுகாதாரப் பாதுகாப்பு முகமை பள்ளிகளில் முறையாக அளக்கும் திட்டத்தை அறிவித்தது. முடிவுகள் 2011இல் வெளிவந்தன. ஆறு பள்ளிகளில் 146 லேப்டாப்களை அளந்ததில், ஒரு லேப்டாப் சிக்னல் அனுப்பிய நேரம் சராசரியாக மொத்த நேரத்தில் 0.08 சதவீதம். மிக அதிகமாக உழைத்த லேப்டாப்புக்கே 0.91 சதவீதம். நாற்பது நிமிஷப் பீரியடில் 0.08 சதவீதம் என்பது ஏறக்குறைய இரண்டு விநாடி. டீச்சர் அட்டெண்டன்ஸில் முதல் இரண்டு பெயரைக் கூப்பிடும் நேரம்.

நேரத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், அரை மீட்டர் தூரத்தில் லேப்டாப்பிலிருந்து வந்த அதிகபட்ச அளவு சதுர மீட்டருக்கு 220 மைக்ரோவாட். சர்வதேச வழிகாட்டு வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட். அதாவது 45,000 மடங்குக்கும் கீழே. படத்தின் 600 பொய்யில்லை. ஆனால் அது உச்சத்தின் கதை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கதை 45,000.

படத்துக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவு பள்ளிகளில் வைத்த பிறகும் விரிவாக யாரும் அளக்கவில்லையே என்ற கேள்வி நல்ல கேள்வி. அந்தச் சத்தம் எழுந்த பிறகுதான் இந்த எண்கள் நமக்குக் கிடைத்தன. என் குறை, பதில் வருவதற்கு முன்பே படம் பதில் தெரிந்த மாதிரி இசையைப் போட்டதுதான்.

4. கதிர்வீச்சு என்ற சொல்

தமிழில் இந்தப் பயத்துக்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. 'கதிர்வீச்சு' என்றால் நமக்கு ஹிரோஷிமா, செர்னோபில், கூடங்குளம் எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். 'ரேடியோ அலை' என்றால் விவித பாரதி ஞாபகம் வரும். இயற்பியலில் வை-ஃபைக்கு இரண்டு பெயரும் பொருந்தும். குண்டு பல்பு வெளிச்சமும் கதிர்வீச்சுதான்.

வேறுபாடு இங்கே. எக்ஸ்ரே மாதிரியான கதிர், அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும், அதனால் மரபணுவை நேரடியாக உடைக்கும். வை-ஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதன் ஒரு ஃபோட்டானுக்கு, அந்தப் பிய்த்தெடுக்கும் வேலைக்குத் தேவையான ஆற்றலில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைவிடவே லட்சம் மடங்குக்கு மேல் பலவீனம். 'மைக்ரோவேவ் அவனும் இதே அலைதானே?' என்று கேட்பார்கள். ஆமாம், அதே அலைவரிசைதான். அவன் ஒரு மூடிய இரும்புப் பெட்டிக்குள் 800 வாட் கொட்டுகிறது. ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபைக்கு உச்ச வரம்பே 0.1 வாட், அதுவும் திறந்த வெளியில் நாலா பக்கமும் பரவிப் போகிறது.

5. தராசு

படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் பி.பி.சி.யிடமே புகார் செய்தார்கள். அதன் புகார்ப் பிரிவு விசாரித்து, 2007 நவம்பரில் புகாரை ஏற்றுக்கொண்டது. கவலை தெரிவித்த விஞ்ஞானிகள் மூன்று பேர், கூடவே வேறு சிலர். மறுபக்கம் ஒரே ஒருவர், உலக சுகாதார நிறுவனத்தில் மின்காந்தப் புலங்கள் பற்றிய திட்டத்தை நடத்திய மைக்கேல் ரெப்பகோலி. பெரும்பாலான விஞ்ஞானிகளின் கருத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பற்றித் தவறான தோற்றம் தந்துவிட்டது என்பது ஒரு முடிவு. ரெப்பகோலியை மட்டும் 'இவர் சுதந்திரமானவரா?' என்ற சந்தேகத்தோடு காட்டிவிட்டு, மற்றவர்களைக் கேள்வியே கேட்காமல் விட்டது இன்னொரு தவறு.

இதில் எனக்கு உறுத்துவது இரண்டாவதுதான். தொழில்துறைத் தொடர்பைக் கேள்வி கேட்பது பத்திரிகையாளர் கடமை, செய்யட்டும். ஆனால் வகுப்பறையில் அளந்தவர் இந்த அலைகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்யும் அமைப்பைச் சேர்ந்தவர். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாமா?

6. "அப்ப பிரான்ஸ் ஏன் தடை பண்ணுச்சு?"

இதைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். எதிர்த்தரப்புச் சான்றுகளில் கனமானவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

2011 மே மாதம் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ரேடியோ அலைகளை '2பி', அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. முக்கிய ஆதாரம் செல்போன் பயன்படுத்துவோர் பற்றிய ஆய்வுகள். 2பி என்பது சந்தேகத்தின் தரவரிசை, ஆபத்தின் அளவு இல்லை. முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே 2பியில்தான் இருக்கிறது. பிறகு உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்டு 2024இல் வெளியான மறுஆய்வு, 22 நாடுகளின் 63 ஆய்வுக் கட்டுரைகளை அலசியது. பத்து வருஷத்துக்கு மேல் செல்போன் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்பது முடிவு.

2018இல் அமெரிக்காவில் எலிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு, ஆண் எலிகளின் இதயத்தில் ஒருவகைக் கட்டியைக் கண்டது. இதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த எலிகள் தினம் ஒன்பது மணி நேரம், இரண்டு வருஷம், உடம்பு முழுக்க கிலோவுக்கு 6 வாட் வரை வாங்கின. மேலே சொன்ன பள்ளி ஆய்வில், பத்து வயதுக் குழந்தையின் உடம்பில் எந்த ஓர் இடத்திலும் படக்கூடியதாகக் கணக்கிட்ட உச்சமே கிலோவுக்கு 80 மைக்ரோவாட். எழுபதாயிரம் மடங்கு இடைவெளி.

பிரான்ஸ் 2015இல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் காப்பகங்களில் வை-ஃபையைத் தடைசெய்தது உண்மைதான். அது முன்னெச்சரிக்கைச் சட்டம். இரண்டு வயதுக் குழந்தைக்கு இன்டர்நெட் எதற்கு என்று நானும் கேட்பேன். செலவில்லாத முன்னெச்சரிக்கை நல்லதுதான். ஆனால் பயமுறுத்தலுக்கும் ஒரு செலவு உண்டு என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அந்தக் கணக்கு என் வீட்டிலேயே இருந்தது.

7. வலி

ஃபார்வர்டு வந்த நாளிலிருந்து அம்மாவின் தலைவலிக்கு 'ரூட்டர் வலி' என்று பெயர் விழுந்துவிட்டது. நான் எரிச்சலில் ஒரு சோதனை செய்தேன். செட்டிங்ஸில் போய் ரேடியோவை மட்டும் அணைத்துவிட்டேன். ரூட்டரில் மற்ற விளக்குகள் பச்சையாக எரியும், எந்த விளக்கு எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியாது. மூன்று ராத்திரி. மூன்றாம் நாள் காலையில் "நேத்தும் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுதுடா" என்றார். நான் ஜெயித்த சந்தோஷத்தில், "அது மூணு நாளா ஆஃப்ல இருக்கும்மா!" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப எனக்கு வலிக்கலைன்னு சொல்றியா? நான் பொய் சொல்றேனா?" என்று கேட்டார். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதே பிழையின் மறுபக்கத்தைத்தான் படமும் செய்தது. மின்காந்த அலை தன்னை வாட்டுகிறது என்று சொல்லும் ஒரு பெண்மணியைக் காட்டியது. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்துகொண்டிருந்த, அப்போது வெளியாகாத ஓர் ஆய்வில் அவர் ஒருவரின் முடிவை மட்டும் எடுத்துச் சான்றாக வைத்தது. இரண்டே மாதத்தில் அந்த ஆய்வு முழுசாக வெளியானது. டவர் சிக்னல் இருக்கிறதா இல்லையா என்று சோதிப்பவருக்கே தெரியாத முறையில் ஆறு தடவை கேட்டார்கள். ஆறையும் சரியாகச் சொன்னவர்கள், தங்களைப் பாதிக்கிறது என்று நம்பிய 44 பேரில் 2 பேர், மற்ற 114 பேரில் 5 பேர். இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதம். சிக்னலை உடம்பு கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த 44 பேரும் சொன்ன உபாதைகள் பொய் என்று ஆய்வு சொல்லவில்லை. காரணம் வேறு என்றுதான் சொன்னது.

2013இல் விட்ஹஃப்ட், ரூபின் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். 147 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு வை-ஃபை ஆபத்து பற்றி பி.பி.சி.யில் வந்த ஒரு படத்தையும், மறு பாதிக்குச் சம்பந்தமில்லாத ஒரு படத்தையும் காட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் 15 நிமிஷம் 'வை-ஃபை சிக்னல்' கொடுத்தார்கள். உண்மையில் சிக்னலே கிடையாது. 54 சதவீதம் பேர் உபாதை சொன்னார்கள். இரண்டு பேர் தாங்க முடியாமல் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். ஏற்கெனவே பதற்ற சுபாவம் உள்ளவர்களிடம், எச்சரிக்கைப் படம் பார்த்திருந்தால் உபாதை இன்னும் கூடியது.

ஆக, எச்சரிக்கையின் பாரம் எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. என்னைப் போன்றவன் படத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுவான். பயந்த சுபாவம் உள்ளவர் மேல்தான் அது இறங்குகிறது. படம் யாரைக் காப்பாற்ற எடுக்கப்பட்டதோ அவர்கள் மேலேயே.

எங்கள் வீட்டில் நடந்தது இதைவிட மோசம். ரூட்டர்தான் காரணம் என்று அம்மாவும், ரூட்டர் காரணமே இல்லை என்று நானும் வாதாடிய இரண்டு மாதத்தில், தலைவலி ஏன் வருகிறது என்று யாருமே பார்க்கவில்லை. கடைசியில் டாக்டரிடம் போனபோது பிரஷர் நிறைய ஏறியிருந்தது. பழைய மாத்திரை போதவில்லை என்று மாற்றிக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் ரூட்டரைக் கழற்றி என் அறையில் மாட்டினேன். அம்மா கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். தலைவலி இப்போது குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. மாத்திரையால் குறைந்ததா, ரூட்டர் கண்ணில் படாததால் குறைந்ததா என்று என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டேன். ஆராய்ச்சிக் குறிப்பு எழுதுகிறவன் செய்யக் கூடாத காரியம்தான். பரவாயில்லை. அதைப் பிரித்துப் பார்ப்பதற்காக இன்னொரு சோதனை செய்யும் எண்ணம் எனக்கு இல்லை.